அம்மாவிடம் கேட்டு நட்ட மரங்கள்

எங்கள் அப்பா பழுகாமத்தில், வயல் செய்த குடும்பமொன்றில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பின்னர் புளியந்தீவில் அரச அலுவலகம் ஒன்றில் பியோனாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். கோப்புத் தூக்கியதைவிட அந்த அலுவலகப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியதே அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நினைவு மலர்களில் வரும் அப்பாமார் எல்லோரும் கோபமே அறியாதவர்கள். எங்கள் அப்பாவுக்குக் கோபம் வரும், பிடிவாதமும் நிறைய உண்டு. ஒரேயொரு விடயத்தில் மட்டும் அவரைப்போலப் பணிவானவரை நான் கண்டதில்லை. அது அம்மாவின் வளவு, வீட்டைச் சுற்றிய காணி.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். அப்பாவும் அப்படித்தான் வாவியைக் கடந்து, கடற்கரையோரம் இருந்த அம்மாவின் வீட்டுக்கு வந்தார். வந்த நாள்முதல் ஒரு கொப்பு வெட்டுவதென்றாலும் கேட்டுத்தான் வெட்டுவார்.

"இஞ்ச பாருங்க, இந்த முருங்கைக் கொப்ப வெட்டட்டா?"

"ஓம், வெட்டுங்க" என்று அடுப்படிக் குசினிக்குள் இருந்தே அம்மா அனுமதி கொடுப்பார். நாங்கள் கேலி செய்தால், "வளவு அம்மாட. நான் வந்து இரிக்கிற ஆள்தானே" என்பார் அப்பா.

சுனாமி அந்த வீட்டையும் வளவையும் கொண்டுபோனது. எட்டு வயதுத் தம்பியையும் கொண்டுபோனது. இரண்டு நாட்களின் பின், அலை குவித்துவிட்டுப் போன மணலுக்குள்ளிருந்துதான் அவனை எடுத்தார்கள். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாவிட்டால் இனிச் சொல்லப்போவது விளங்காது.

முகாமில் பல மாதங்கள் இருந்தபின், கடலோசை கேட்காத இடத்தில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்றன. சுற்றிவரக் கட்டாந்தரை, ஒரு மரம் இல்லை. அம்மா உள்ளே போனவர் போனவர்தான். கிணற்றடிக்குப் போய்வருவார். அதற்குமேல் வெளியில் ஓரடி வைக்கமாட்டார். கோயிலுக்கும் இல்லை, கலியாண வீட்டுக்கும் இல்லை. அக்கம்பக்கத்தார் வந்தால் ஜன்னலுக்குள் நின்று இரண்டு சொல் பேசி அனுப்பிவிடுவார்.

அம்மாவை எப்படியாவது வெளியில் இருத்திவிட வேண்டும் என்பதே அப்பாவின் ஒரே எண்ணமாயிற்று. வேலைவிட்டு வந்ததும் சாறத்தை மடித்துக்கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்குவார். வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்தார். ஆட்கள் இருந்து கதைக்கச் சீமெந்தில் ஒரு நீள வாங்கு கட்டினார். அந்த வாங்கில் நானும் தங்கையும் மட்டுமே இருந்தோம்.

அடுத்த சித்திரைப் பிறப்புக்கு முன்பு, அம்மாவைச் சந்தோசப்படுத்த நினைத்து, அவரிடம் கேளாமலே ஒரு காரியம் செய்தார். சித்திரைக்கு முற்றத்தில் புது மணல் பரப்புவது எங்கள் ஊர் வழக்கம். பழைய வளவில் அம்மாவே நின்று பரப்புவிப்பார். அந்த நினைப்பில் உழவு மெசினின் இழுபெட்டி நிறைய வெள்ளை மணல் ஏற்றிவந்து, வாசலில் கொட்டுவித்தார்.

அம்மா ஜன்னலால் பார்த்தார்.

"ஆரக் கேட்டு இத இஞ்ச கொட்டின நீங்க?"

அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்திவிட்டார். அப்பா அந்த மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எங்களுக்கும் அப்போதுதான் விளங்கியது. அன்றே ஓலைக் கடகத்தை எடுத்து அள்ளத் தொடங்கி, பத்து நாட்களாகத் தனியே சுமந்து தூரத்து வெறுங்காணியில் கொட்டினார். நாங்கள் உதவப் போனபோது விடவில்லை. "வருசப் பிறப்புக்கு எல்லாரும் மண்ணக் கொட்டுறாங்க, இவரு அள்ளுறாரு" என்று தெருவில் ஒருவர் பகிடி விட்டார். அப்பா அடுத்த கடகத்தை நிரப்பினார். மணல் இருந்த இடத்தில் செம்மண் சரளையான கிறவல் போட்டு இறுக்கினார்.

அதன்பின் ஒவ்வொன்றையும் மூடிய ஜன்னலடியில் நின்று கேட்டார். "தேசிக் கண்டு எங்க வைக்கிற?" "மாதுளைக்கு எந்தப் பக்கம் நல்லம்?" உள்ளேயிருந்து பதில் வராது. பதில் வராத கன்றை அவர் நடமாட்டார். பால்மாத் தகரங்களில் கன்றுகள் சுவரோரமாக வரிசையில் நின்றன. சில பட்டுப்போயின. இந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்ததை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

வாவிக்கு அப்பால், பழுகாமம் இருக்கும் படுவான்கரைக்கு யுத்தம் வந்த வருடம், அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து எங்களிடம் வந்தார். இரண்டு அறைக்குள் பத்துப் பேர். பகலில் வெளியில் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாமி கை சும்மா இராத மனிசி. வந்த மூன்றாம் நாள் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்.

"என்ன அண்ணன் இது, கண்டெல்லாம் தகரத்துக்குள்ள காயுது? நான் நட்டு விர்றன்."

தேசிக் கன்றோடு, எலுமிச்சைதான், நேரே கிணற்றடிக்குப் போனார். ஜன்னல் திறந்தது.

"மச்சாள், கிணத்தடியில தேசி வேணாம்."

"அப்ப எங்க வைக்கிற?"

"கொஞ்சம் அங்கால."

"இதிலயா?"

"இல்ல, இன்னும் அங்கால."

"எனக்கு விளங்கல்ல மச்சாள். வந்து காட்டுங்க."

அம்மா முன்வாசலால் இறங்கி வந்தார். கிறவலில் நடந்துபோய், "இந்தா, இதில" என்று காலால் காட்டினார். அப்பா வாளித் தண்ணீரோடு படலையடியில் நின்றார். வாளியைக் கீழே வைக்கவில்லை. அன்று பொழுது படும்வரை அம்மா வெளியில் நின்று, தகரங்களில் இருந்த அத்தனை கன்றுகளுக்கும் இடம் காட்டினார். மெய்யாகவே தனக்கு விளங்கவில்லை என்று மாமி இன்றும் சத்தியம் பண்ணுகிறார். நான் நம்பவில்லை.

யுத்தம் முடிந்தபோது, தெருப்பக்கம் வேலியாக அடித்திருந்த தகரத் தகடுகளைக் கழற்றலாமா என்று அப்பா கேட்டார். அம்மா இரண்டு நாள் யோசித்து, முன்பக்கம் மட்டும் கழற்றச் சொன்னார். அதன்பிறகுதான் போகிறவர் வருகிறவரெல்லாம் எங்கள் வாங்கில் இருந்து கதைத்துப் போகத் தொடங்கினார்கள். என் கலியாணப் பேச்சும் தங்கையின் கலியாணப் பேச்சும் அங்கேதான் நடந்தன. மாப்பிள்ளைமார் இருவரும் வளவில் கொப்பு வெட்டினால் கேட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று அப்பா அங்கேயே சொல்லிவிட்டார்.

கடைசி மாதங்களில் சிறுநீரக நோய் அவரை ஒடுக்கிவிட்டது. சாய்மனைக் கதிரையை மர நிழலில் போட்டுப் படுத்திருப்பார். கத்தி பிடிக்கக் கையில் பலமில்லாத நிலையிலும், "இஞ்ச பாருங்க, அந்த மாதுளை காய்க்காம நிக்குது. வெட்டட்டா?" என்று கேட்டார். "அது நிக்கட்டும். நீங்க படுங்க" என்றார் அம்மா. அந்தக் கிழமைதான் அப்பா எங்களை விட்டுப் போனார்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கொண்டுதிரிந்த தெருத் தம்பிமாருக்கும், இரத்தம் தந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் கிரியை வரை எங்கள் அடுப்பை மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், பழுகாமத்து உறவுகளுக்கும், முதலாம் ஆண்டு நினைவு நாளில் மீண்டும் வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. இனித் துக்கம் கேட்க வருவதாக நினைத்து வர வேண்டாம். சும்மா வாருங்கள். படலையடியில் நின்று கூப்பிடவும் தேவையில்லை. அம்மா வெளியில்தான் இருப்பார்.