மஞ்சள் வண்டியில் சிவப்புச் சட்டை

டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சலூன் வைத்திருக்கும் ஆன்சிலுக்கு ஸ்டீல் டிரம் வாசிக்க வராது. தள்ள வரும். கார்னிவல் போட்டியில் டிரம்களும் வாசிப்பவர்களுமாக நிற்கும் சக்கர வண்டிகளை சவானா மைதானத்து மேடைவரை ஆட்கள்தான் தள்ள வேண்டும். எங்கள் சிவப்புக் குழுவின் முதல் வண்டியில் முதல் கை எப்போதும் ஆன்சிலுடையது. அதற்காகச் சொந்தத் தங்கையின் கல்யாணத் தேதியையே மாற்றச் சொன்ன மனிதர்.

மனைவி வெர்லின் வாசிப்பதோ எதிரி மஞ்சள் குழுவில். "உங்க வண்டிமேல என் சுண்டுவிரல்கூடப் படாது" என்று கல்யாணத்தன்றே ஆன்சில் சொல்லிவிட்டார். கார்னிவல் முடியும்வரை அந்த வீட்டில் தனித்தனிச் சமையல் என்று ஊரில் பேச்சு. நான் நம்புகிறேன்.

இந்த வருஷ இறுதிப் போட்டியில் மஞ்சளுக்கு அடுத்து நாங்கள். கடலைக் கறி வைத்த டபுள்ஸ் ரொட்டி தின்றபடி வரிசையில் நின்று அவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தோம். மேடைச் சரிவின் அடியில் அவர்களுடைய கடைசி வண்டியின் சக்கரம் மண்ணில் புதைந்தது. நேரத்துக்குள் ஏறாவிட்டால் போட்டியே போச்சு. தள்ளுகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கனவே மேலே போய்விட்டார்கள். வண்டியில் குச்சிகளோடு வெர்லின் நின்றார்.

நாங்கள் சந்தோஷமாகக் கைதட்டினோம். வேறென்ன செய்வோம்? ஆன்சில் மட்டும் தன் டபுள்ஸை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

"அண்ணே, எங்க போற?" என்று கத்தினான் எங்கள் கேப்டன் கர்ட்டிஸ்.

ஆன்சில் மஞ்சள் வண்டிக்குத் தோள் கொடுத்தார்.

"யோவ், இடது பக்கம்! இடதுன்னா தெரியாதா?" என்று மேலிருந்து வெர்லின்.

"நீ வாய மூடு, பாதி கனம் குறையும்!"

வண்டி ஏறியது. மஞ்சள் கூட்டத்தின் நடுவே அந்தச் சிவப்புச் சட்டையைப் பெரிய திரையில் பார்த்து மைதானமே சிரித்தது.

திரும்பி வந்தவரைக் கர்ட்டிஸ் மறித்தான். "இன்னிக்கு நம்ம வண்டியத் தொடாத அண்ணே. அங்கேயே போ."

ஆன்சில் வேலியோரம் போய் நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தது. எனக்குப் பாவமாக இருந்தது. வாயைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

மஞ்சள் பிரமாதமாக வாசித்தது, வயிறு எரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும். வியர்வை வழிய இறங்கிய வெர்லின் வேலியோரம் நின்றவரைப் பார்த்தார். நேராக எங்கள் முதல் வண்டிக்கு வந்து, ஆன்சிலின் இடத்தில் கை வைத்தார்.

"ஏய் மஞ்சள், கைய எடு!" என்றான் கர்ட்டிஸ்.

"இது எம் புருஷன் இடம். அவர் வரட்டும், எடுக்கிறேன்."

மேடையிலிருந்து எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். கர்ட்டிஸ் பல்லைக் கடித்தான். "அண்ணே, வந்து தொலை!"

ஆன்சில் ஓடி வந்தார். வெர்லின் சொன்னபடி கையை எடுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"நல்லாத் தள்ளுய்யா," என்றார். "ரெண்டாவது பரிசு உங்களுக்குத்தான்."