என் நிக்காஹ்வுக்கு வந்த மேளம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவையில் எங்கள் வீட்டிலேயே எனக்கு நிக்காஹ் நடந்தது. காலையில் பட்டுச்சேலையோடு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அத்தாவோடு தேங்காய் வியாபாரம் செய்யும் காங்கேயத்துக் கவுண்டர் இறங்கினார். பின்னாலேயே நாதஸ்வரம், தவில், தப்பு என்று ஒரு மேளக் கோஷ்டியே இறங்கியது. யாரிடமும் சொல்லாமல் அவர் கொண்டுவந்த சீர் அது!

மாப்பிள்ளை வருவதற்கு முன்பே ஏற்பாடுகளைப் பார்க்க வந்திருந்த என் மாமனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மேளம் அடிச்சா என் பையனைக் கூட்டிட்டு வரமாட்டேனுங்க" என்றார். என் தாய்மாமா சும்மா இருப்பாரா? "கல்யாணத்துக்கு தஃப் அடிக்கறது ஆகுமானதுதானுங்களே" என்று மல்லுக்கு நின்றார். கவுண்டரோ, "நம்ம புள்ள கல்யாணத்துக்கு மேளமில்லாமயாங்க?" என்று கலங்கிப்போனார். பெண்ணைப் பெற்ற அத்தா யார் பக்கம் பேசுவார், பாவம். நிக்காஹ் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

நிக்காஹ் ஓதிவைக்க வந்திருந்த ஹஜ்ரத்தைக் கேட்டார்கள். "இதுல மார்க்கம் படிச்ச ஆலிம்களுக்குள்ளயே கருத்து வேறுபாடு இருக்குதுங்க. வாத்தியம் கூடாதுன்னுதான் நிறையப் பேர் சொல்றாங்க. கல்யாணத்துல தஃப் மட்டும் கூடும்" என்றார் அவர்.

"அது எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார் கவுண்டர்.

"வட்டமா ஒரு சட்டம். ஒரு பக்கம் மட்டும் தோலு. சலங்கை இருக்கப்படாது."

கவுண்டர் விறுவிறுவென்று வேனுக்குப் போய் ஒரு தப்பை எடுத்துவந்தார். "இதுங்களா?"

ஹஜ்ரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. தப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு மனசு ஒப்பலைங்க. ஆனா ஹஜ்ரத் கூடும்னு சொன்னதை நான் தடுக்கமாட்டேன். மாப்பிள்ளை உள்ள வர்ற வரைக்கும் அடிக்கட்டும். நான் பள்ளிவாசல்ல இருந்துட்டு, நிக்காஹ் ஓதறப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்படியே வந்தும் சேர்ந்தார்.

தப்பு முழங்க மாப்பிள்ளை வந்தார். தெருவே கூடிவிட்டது. கவுண்டர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நாதஸ்வரக்காரர்தான் வாசிக்காமலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கதை அதோடு முடியவில்லை. புகுந்த வீட்டில் எனக்கு ரேடியோ கேட்காமல் பொழுது போகாது. சாயங்காலம் மாமனார் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குக் கிளம்பியதும் பாட்டு வைப்பேன். திரும்பி வரும்போது அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பலமாக இருமுவார். நான் அணைத்த பிறகுதான் தாழ்ப்பாளைத் திறப்பார். சளியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாட்டு கூடாது என்ற கருத்தை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. ரேடியோவை எடுத்து வை என்று ஒருநாளும் என்னிடம் சொன்னதும் இல்லை.

இன்று மருமகளுக்கும் எனக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஏதாவது இருந்தால், அவள் அறைக்குள் நுழையும் முன் நானும் இருமுகிறேன். ஒருவருக்குச் செய்ய அதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.