எகிப்து அறையில் நீல வண்டு

திருமணமான புதிதில் நாங்கள் இருவரும் ஒரே நாட்டில்தான் இருந்தோம், சேர்ந்து இருக்கவில்லை. அவர் பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில், ருவைஸில் எண்ணெய் ஆலை கேம்ப்பில். நான் அபுதாபியில் ஓர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர் உதவியாளராக, மூன்று பெண்களோடு ஒரே ரூமில். அவருக்கு லீவு கிடைக்கும் நாளில் எனக்கு டியூட்டி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எகிப்து அறையில் நின்றிருந்தேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் உள்ளே வந்தார். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்! டியூட்டியில் வீட்டு ஆட்களோடு அரட்டை கூடாது. பார்வையாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். இதையெல்லாம் போனில் அவரிடம் புலம்பியிருந்தேன்.

அவர் ஒரு கண்ணாடிப் பெட்டி முன் போய் நின்றார்.

"மேடம், இது என்னங்க?"

கட்டைவிரல் நகம் அளவு நீல வண்டு.

"சாணி வண்டு சார். கல்லைப் பொடியாக்கி, உருப் பிடிச்சு, சுட்டு, நீலப் பளபளப்பு ஏத்தியிருக்காங்க."

"சாணி வண்டையா?"

"அவங்களுக்கு அது சூரியனை உருட்டுற சாமி சார். கீழே முகம் பாக்குற கண்ணாடி வச்சிருக்கு, அதுல பாருங்க. வண்டோட அடிவயித்துல ராஜா பேரும் ராணி பேரும் இருக்கு."

"ரெண்டு பேரும் ஒரே வண்டுலயா?"

"ஆமா சார். பக்கத்துல பக்கத்துல."

"குடுத்து வச்சவங்க," என்றார் முகத்தை அசைக்காமல்.

சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. நீலம் ஏன், துளை எதற்கு, மோதிரத்தில் கட்டுவார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு மலையாளிக் குடும்பமும் நின்று கேட்க ஆரம்பித்தது. திரும்பினால், பின்னால் என் சூப்பர்வைசர், பிலிப்பைன்ஸ்காரப் பெண்மணி!

எல்லோரும் நகர்ந்ததும், "பாஷை புரியலை, ஆனா நல்லா விளக்கினே. அந்த சார் புரொஃபசரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் வீட்டுக்காரர் மேடம். ருவைஸிலிருந்து வந்திருக்கார்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கலாஸ், போதும். உன் பிரேக்கை இப்பவே எடுத்துக்கோ. நான் நிக்கறேன். யல்லா, போ!"

வெளியே ஈச்சமர நிழலில் உட்கார்ந்து, அவரே சமைத்துக் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல். நான் சொல்லவில்லை.