கருகிய கறியும் சிரிக்காத முகமும்

போன சனிக்கிழமை பெர்லினின் நொய்கெல்ன் பகுதியில் தமிழ்ச் சங்க ஆண்டு விழா. நாடகம் தொடங்கும்போது மேடையைவிட ராணி அக்காவைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்கிறீர்களா?

அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர். விழாவுக்கு வருடாவருடம் நகைச்சுவை நாடகம் எழுதுபவர். கதாநாயகன்? வேறு யார், கணவர் செல்வம் அண்ணைதான்! போன வருடம் மாமனாருக்குப் பயந்து கட்டிலடியில் ஒளிந்திருக்கும் காட்சி. சங்கத் தலைவர் அரங்குக்குள் நுழைந்ததும் அண்ணை வெளியே வந்து வணக்கம் வைத்தார்... பிறகு திரும்பப் போய் ஒளிந்துகொண்டார். மரியாதை தெரிந்த மனிதர்!

‘இந்த முறையும் சொதப்பினால் அடுத்த வருடம் உங்கள் நேரத்தை சினிமா டான்ஸுக்குக் கொடுத்துவிடுவோம்’ என்று விழாக் கமிட்டி சொல்லிவிட்டது. அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது.

ஒருநாள் ஒத்திகையை நிறுத்திவிட்டு, டிவியில் பழைய பிரிட்டிஷ் காமெடித் தொடர் ஒன்றைப் போட்டார். நானும் உட்கார்ந்தேன். பெரிய கதையெல்லாம் இல்லை. மேலதிகாரி விருந்துக்கு வந்திருக்கிறார், வீட்டுக்காரர் சட்டையில் சூப்பைக் கொட்டிக்கொள்கிறார் — அவ்வளவுதான். அதுவும் ஜெர்மன் டப்பிங். பாதி வசனம் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

“அந்தாளைக் கவனிச்சியளே?” என்று அக்கா கணவரைக் கேட்டார். “தான் பகிடி விடுறன் எண்டே அந்தாளுக்குத் தெரியாது. உயிரே அந்தச் சட்டையிலைதான் கிடக்கு எண்டு நிக்கிறார். நீங்கள் சனம் சிரிக்குதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள்!”

“ஓம்... ஓம்” என்று தலையாட்டினார் அண்ணை.

உண்மைதானே? வசனம் சுமார்தான். ஆனால் அந்த நடிகர் தவிக்கிற தவிப்பில், சூப் கொட்டியது நம் சட்டையில் என்றே தோன்றிவிடுகிறது. இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தொடர் பழசாகாததற்கு வேறென்ன காரணம்?

சரி, விழாவுக்கு வருவோம். நாடகத்தில் பெண் பார்க்க வந்த சம்பந்தி வாசலில் நிற்கிறார், அடுப்பில் ஆட்டுக்கறி கருகிவிட்டது. அண்ணை சட்டியைத் திறந்து பார்த்தார். அந்த முகம்! அரங்கத்தில் சத்தமே இல்லை. போச்சு, என்று நினைத்தேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்துவிட்டார்.

“கவலைப்படாதையுங்கோ தம்பி! எங்கட வீட்டிலை கறி இருக்கு, எடுத்துக்கொண்டு ஓடி வாறன்!”

அண்ணை சிரிக்கவில்லை. வணக்கமும் வைக்கவில்லை. கலங்கிய கண்ணோடு அவரைப் பார்த்து, “ஏலாது அக்கா... சம்பந்தி வாசலிலை நிக்கிறார்” என்றார்.

அரங்கமே அதிர்ந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் கமிட்டித் தலைவர் என் காதில், “அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் நீளமாப் போடச் சொல்லுங்கோ” என்றார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரைக்குப் பின்னால் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் நடிச்சவர்... ஆனா தம்பி, இந்த முகத்தோடை வீட்டிலை பொய் சொன்னா நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”