டோக்கனா, இடமா?

வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிப்பது என்பது, வருகிறவர்கள் எல்லோரும் அவசரத்தில் இருக்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும் உட்கார்ந்தே இருக்கிற வேலை. இடம் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றி, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வண்டியை விட்டுவிட்டுத் திட்டு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் அதற்கு முன்பு திட்டிவிட்டுப் போன ஆள் நான்தான்.

எங்கள் இடம் திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கிறது. முன்பு வேர்க்கடலை போட்ட நிலம். முதலாளி அதைச் சமப்படுத்திக் கயிறு கட்டிவிட்டார். கூட்டமான நாட்களில் ஜனங்கள் வண்டியை இங்கே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து மேலே போவார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவேன். பனிக்காலத்தில் அந்நேரம் மலைக்கு அடிப்பாகமே இருக்காது. கோபுரம் மட்டும் வானத்தில் மிதந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் டோக்கன் கட்டு மடியிலிருந்து நழுவுவதுகூடத் தெரியாது. வண்டிகளுக்குக் கை காட்டுகிற முனுசாமி அண்ணன் விசில் ஊதித்தான் என்னைத் தரைக்குக் கொண்டுவருவார்.

எந்தக் கட்டு?

என்னிடம் இரண்டு கட்டுகள் உண்டு. பைக்குக்கு மஞ்சள், காருக்குப் பச்சை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் மெதுவாக வந்து என் முன்னால் நின்றது. பின்பக்கம் இரண்டு பக்கத்திலும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம். ஓட்டி வந்தவர் திருவாலங்காட்டில் டீக்கடை வைத்திருப்பவர். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். ஊன்றுகோலை முன்னால் குறுக்கே வைத்திருந்தார்.

மஞ்சளைக் கிழிப்பதா, பச்சையைக் கிழிப்பதா என்று தெரியாமல், பாவி நான், அவர் கண்ணெதிரிலேயே சக்கரங்களை எண்ணினேன். இரண்டு, மூன்று, நான்கு. அவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தார். எண்ணி முடித்தேன் என்று தெரிந்ததும் சொன்னார்: "காருன்னே போடுங்கக்கா. நானும் இன்னிக்கு மலைக்குக் காரு ஓட்டினு போனேன்னு ஊட்ல சொல்லிக்கிறேன்."

பலகை

இந்தக் கதையை முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே 'மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை' என்று பலகை எழுதி மாட்டினார். எனக்கு ஒரே பெருமை. யாராவது வரமாட்டார்களா, காசு வேண்டாம் என்று சொல்லமாட்டோமா என்று காத்திருந்தேன்.

வந்தார். நகரி பக்கத்துக்காரர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டதாம். கியர் இல்லாத காரை வலது காலால் ஓட்டிக்கொண்டு, மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். செயற்கைக் காலை முதலில் வெளியே வைத்து, கதவைப் பிடித்து நிமிர்ந்து நின்றவரிடம் பத்துப் பேர் காதில் விழும்படி, "நைனா, உங்களுக்குக் காசு வேணாம், ஃப்ரீ" என்றேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபம் இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. பிறகு நோட்டை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுச் சொன்னார்: "காலு எனக்குத்தாம்மா போச்சு, காருக்குப் போவல."

ஸ்டிக்கர்

பலகை பேசத் தொடங்கியதும் ஸ்டிக்கர்கள் பெருகின. சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கார்கள் வரிசையாக வந்தன. உள்ளேயிருந்து குதித்து இறங்கியவர்களில் சிலர், என்னைவிட வேகமாக மலை ஏறக்கூடியவர்கள். கேட்கவும் கூச்சம். வெளியே தெரியாத குறை எத்தனையோ இருக்கும். கேட்டுவிட்டு அது உண்மையாக இருந்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

ஒரு கிருத்திகை நாளில் சட்டை போடாமல், தோளில் காவடியோடு ஓர் இளைஞர் இறங்கினார். காலில் சலங்கைகூடக் கட்டியிருந்தார். "ஸ்டிக்கர் அப்பாவுது" என்றார். அப்பா எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறார், படிக்கட்டு அவருக்கு ஆகாது என்றார். மயில் இறகுகள் அசைய அசைய அவர் கூட்டத்துக்குள் கரைந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. முனுசாமி அண்ணன் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "ஸ்டிக்கரு சாமி பாக்க வந்துகீது, ஆளு ஊட்ல படுத்துகினு கீறாரு."

ஒரு கை அகலம்

இனி சொல்லப்போவது என் தப்பு. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அரக்கோணத்திலிருந்து ஒரு டீச்சர் தனியாகக் காரில் வந்தார். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர். கையால் இழுக்கிற நெம்புகோல் வைத்த கார். மடக்கு நாற்காலியைத் தானே இறக்கி விரித்து, தானே மாறி உட்கார்ந்து, ஆட்டோ பிடித்துப் போனார். காசு வாங்கவில்லை என்ற திருப்தியில் நான் அத்தோடு அவரை மறந்துவிட்டேன். கூட்டம் நெருக்கியது. அவர் காருக்கு வலப்பக்கம் ஒரு வேன், இடப்பக்கம் ஒரு கார். இரண்டையும் உள்ளே விட்டது நான்தான்.

அவர் திரும்பி வந்தபோது நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது. பக்கக் கதவு எதுவும் திறக்காது. வேன்காரரும் கார்க்காரரும் மேலே தரிசன வரிசையில். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "எனக்கு ரொம்ப நேரம் வெளியில இருக்க முடியாதுங்க. உடம்புக்குன்னு ஒரு நேரம் இருக்கு, ஊட்டுக்குப் போயிடணும்" என்றார். எனக்குப் புரிந்தது; பாத்ரூம் கஷ்டம் உங்களுக்கும் புரியும். முனுசாமி அண்ணனைப் பின்பக்கமாக உள்ளே ஏறி அவர் காரை வெளியே எடுக்கச் சொன்னேன். ஊர் வண்டியெல்லாம் ரிவர்ஸ் எடுக்க வைக்கிற அவருக்கு ஓட்டவே தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஆள் தேடி ஓடினார்.

நான் என் குடையை டீச்சர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே எங்கேயோ அரோகரா என்று ஒரு கோஷம் எழும்பி, பாதி வழியில் காற்றில் கலைந்துபோனது. ஒரு மேகத்தின் நிழல் மலைப் பாறைகளில் ஊர்ந்து இறங்கி, கார்களின் கூரைகள் மேல் வந்து, எங்களையும் கொஞ்சம் மூடிவிட்டுப் போனது. "கனவுல நான் நடந்துகினுதான் இருப்பேன்" என்றார் டீச்சர். "எங்க போறேன்னுதான் தெரியாது." நான் குடையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினேன்.

கடைசியில் ஒல்லியான ஓர் ஆட்டோக்காரர் கிடைத்தார். காரின் பின்கதவைத் தூக்கி, சீட்டுகளின் மேல் ஊர்ந்து, முன்னால் போய் உட்கார்ந்தார். நெம்புகோலைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்: "பெடலும் இருக்குதுங்க, நீங்க காலாலயே ஓட்டலாம்." கார் வெளியே வந்தது. அவர் ஏறி உட்கார்ந்ததும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணாடியை இறக்கி அவர் சொன்னார்: "காசு வேணா வாங்கிக்கோங்க. கதவைத் திறக்க எடம் விடுங்க."

சுண்ணாம்புக் கோடு

மறுநாள் காலையில் நானும் முனுசாமி அண்ணனுமாகச் சுண்ணாம்புத் தூள் வாங்கி, வாசலுக்குப் பக்கத்திலேயே நான்கு வண்டிகளுக்கு அகலமாகக் கோடு போட்டோம். ஆறு கார் நிற்கிற இடம் இது என்று முதலாளி முகம் சுளித்தார். ஆனாலும் அழிக்கச் சொல்லவில்லை. டீச்சர் சொன்னதையும் நகரிக்காரர் சொன்னதையும் வைத்து ஒரு முடிவுக்கு வந்தார். இடம் உண்டு, இனி காசும் உண்டு. நியாயமாகத்தான் எனக்கும் பட்டது. பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

அன்றைக்கு மத்தியானமே பொதட்டூர்பேட்டையிலிருந்து ஓர் அம்மா மூன்று சக்கர வண்டியில் வந்தார். இரண்டு காலும் நடக்க வராது. வண்டி நிறைய லுங்கி மூட்டை. வாரத்தில் நாலு நாள் இங்கே கொண்டுவந்து கடைகளுக்குப் போடுகிறவர். கோட்டுக்குள் வசதியாக நிறுத்தினார். நான் டோக்கனைக் கிழித்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "கால் இருக்கறவங்க வண்டிய ரயில் கேட்டுக்கு அந்தாண்ட உட்டுட்டு நடந்து வந்துடுவாங்க, அவங்களுக்குச் செலவில்ல. நான் எங்க உட்டுட்டு வர்றது?" என்றார். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சண்டை போடாத குரலில் சொன்னார்: "இது வண்டி இல்ல தாயி, என் காலு. காலை வெச்சா யாருனா காசு வாங்குவாங்களா?"

ஆளுக்கொரு நியாயம் சொல்ல, அத்தனையும் சரியாகவே இருப்பதால், இப்போதெல்லாம் நான் இடத்தை மட்டும் காட்டிவிட்டு, காசைப் பற்றி அவர்களே முடிவு செய்யட்டும் என்று மலை மேல் போகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முதலாளிதான் இதை வேலை என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.