ஊரப்பாக்கத்தில் கூட்டம் உட்கார்ந்த மாலை

மலைக்காட்டில் சில வருஷம் வனக்காப்பாளராக இருந்துவிட்டுத் தாம்பரம் பக்கம் மாற்றலாகி வந்தபோது, என்னை வேலையை விட்டே அனுப்பிவிட்டது போல இருந்தது. காடு என்று எனக்குக் காட்டியது முள்ளும் பாறையுமாக ஒரு குன்று. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல், மறுபக்கம் நாளுக்கு நாள் முளைத்துக்கொண்டிருந்த வீடுகள். வேலியோரம் நின்றால் கான்கிரீட் கலக்கும் சத்தம் கேட்கும். மாடம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர், “ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட்டா? இங்க ஏது சார் ஃபாரஸ்ட்?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நான் வந்த அதே வருஷம் எங்கள் சரகத்துக்குப் புது ரேஞ்சர் வந்தார். பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். ஒல்லியான உடம்பு, அதைவிட மெல்லிய குரல். முதல் நாள் எங்களையெல்லாம் கூட்டிவைத்துப் பேசியபோது பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மலையில் நான் பார்த்த ரேஞ்சர்கள் ஒரு அதட்டல் போட்டால் பள்ளத்தாக்கு திரும்பச் சொல்லும். இந்தம்மா இந்த ஊரை எப்படிச் சமாளிக்கப்போகிறார் என்று நாங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

அது ஆடி மாசம். முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. நாலு மணி வாக்கில் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. ஊரப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்டர் பேசினார். அடித்தளத்துக்குத் தோண்டிய குழியில் புள்ளிமான் ஒன்று விழுந்து கிடக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார். ரேஞ்சர், டிரைவர், நான், இன்னொரு காப்பாளர், நாலு பேரும் வலையை ஜீப்பில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

போய்ச் சேர்ந்தபோது குழியைப் பார்க்கவே முடியவில்லை. அவ்வளவு கூட்டம். ரயிலை விட்டு இறங்கினவர்கள் டிபன் பாக்ஸோடு நின்றார்கள். கைக்குழந்தையோடு பெண்கள், சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சுற்றியிருந்த மொட்டைமாடிகளில் எல்லாம் தலைகள். கேமரா வைத்த செல்போன் வர ஆரம்பித்திருந்த காலம். அதை வைத்திருந்தவர்கள் முண்டியடித்து முன்னால் போனார்கள். பக்கத்துத் தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

“அதோ கீது பார், கொம்பு! கொம்பு!”

விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பெரிய ஆண் மான். குழியின் கோடியில், முட்டியளவு செம்மண் தண்ணீரில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. விலா எலும்பு ஏறி இறங்குவது மேலிருந்தே தெரிந்தது. யாரோ ஒருவன் விசிலடித்தான். மான் எகிறிச் சுவரில் மோதி விழுந்தது, எழுந்தது. கூட்டம் கைதட்டியது.

கான்ட்ராக்டர் எங்களிடம் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் வெள்ளைத் தொப்பி. எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். “பாத்த உடனே வேலைய நிறுத்திட்டேன் மேடம். என் குழியில வந்து விழுந்திருக்கு. அது நல்லபடியாப் போய்ச் சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது” என்றார்.

ரேஞ்சரின் போன் அடித்தது. மேலதிகாரி. மயக்க ஊசி போட்டுப் பிடித்து, டிவிக்காரர்கள் வருவதற்குள் முடித்துவிடச் சொன்னார். ரேஞ்சர் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, மான் மூச்சுவிடும் விதத்தைச் சொன்னார். இவ்வளவு பயந்திருக்கும் மானுக்கு ஊசி போட்டாலும் சரி, வலையில் பிடித்தாலும் சரி, இதயம் நின்றுபோகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ரேஞ்சர் மேலதிகாரியை மறுபடி அழைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “ஊசி வேண்டாம் சார். தானா வெளிய வர வைக்கிறேன். செத்துப்போச்சுன்னா நான்தான் பொறுப்பு” என்றார். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் குழியை எட்டிப் பார்த்தேன். தானாக எப்படி வரும்?

அவர் குழியைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்தார். லாரி இறங்கி ஏற ஒரு பக்கம் மண்ணைச் சரிவாக வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தச் சரிவில் ஏறினால் தெரு. தெருவைத் தாண்டினால் காலி மனைகள், அதற்கப்பால் காட்டு வேலி. வேலியில் எங்கள் ஜீப் நுழையும் கேட்டும் இருந்தது. ஆக, வழி இருந்தது. ஆனால் அந்தச் சரிவின் உச்சியில் நின்றால்தான் மான் நன்றாகத் தெரியும் என்பதால் ஜனங்கள் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் இன்னொரு காப்பாளரை அனுப்பி வேலிக் கேட்டைத் திறந்துவைக்கச் சொன்னார். பிறகு பாயிடம் பேசினார். மழையில் வழுக்கும் சரிவில் மணல் போட வேண்டும், ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும். பாய் தன் ஆட்களோடு தானும் கூடையைத் தூக்கினார்.

அடுத்து, கூட்டத்திலேயே அதிகமாகக் கத்திக்கொண்டிருந்த இளைஞர்களிடம் போனார். மஞ்சள் சட்டை போட்ட திருவிழாக் கமிட்டிக்காரர்கள். அவர்களைத் துரத்தத்தான் போகிறார் என்று நினைத்து நானும் லத்தியோடு பின்னால் போனேன். அவர்களில் ஒருவன் முந்திக்கொண்டான்.

“இன்னா மேடம், எப்போ புடிக்கப் போறீங்கோ? நாங்களும் எவ்ளோ நேரமா நின்னுகினு கீறோம்!”

“நான் பிடிக்கப் போறதில்ல தம்பி. நீங்கதான் வெளிய அனுப்பப் போறீங்க” என்றார். “அந்த ஸ்பீக்கர் உங்களோடதா?”

“ஆமா மேடம். சாமி பாட்டு.”

“அம்மன் கொஞ்ச நேரம் பாட்டு இல்லாம இருப்பாங்களா?”

அவன் நண்பர்களைப் பார்த்துச் சிரித்தான். ஒருவன் ஓடினான். பாட்டு நின்றது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சந்து காட்டினார். “இந்தச் சந்து உங்க பொறுப்பு. ஒரு வண்டி வரக் கூடாது. கத்தித் தடுக்காதீங்க, கையைக் காட்டித் தடுங்க.” அவ்வளவு நேரம் விசிலடித்துக்கொண்டிருந்தவன் போலீஸ்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ச் சந்து முனையில் நின்றான்.

மீதி இருந்தது அந்தப் பெருங்கூட்டம். சரிவின் உச்சியில் நடுவே போய் நின்று அவர் பேசினார். அதே மெல்லிய குரல். “இங்க கேக்கல மேடம்!” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பி அவர் சொன்னதைச் சொன்னார்கள். அவர்கள் அதற்குப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். அவர் வார்த்தை கூட்டத்தின் வழியாகவே கைமாறிக்கைமாறிக் கடைசிவரை போனது.

“மான் நம்மளப் பாத்துதான் பயப்படுது. நிக்கிற மனுஷன்னா அதுக்குப் பயம். நடுவுல வழி விட்டு ரெண்டு பக்கமும் உக்காருங்க. அது நம்ம நடுவுலயே நடந்து போகும். எல்லாருக்கும் கிட்டத்துல தெரியும்.”

யாரும் அசையவில்லை. மழை பெய்த தரை, எங்கும் சேறு. ஆபீஸ் போய்வந்த சட்டையோடு யார் உட்காருவார்கள்? அப்போது ரேஞ்சர் ஓரமாக ஒதுங்கி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காக்கிச் சீருடையோடு அந்தச் சேற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு மீன்கார அம்மா, “அதான் அவங்களே குந்திட்டாங்களே” என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி உட்கார்ந்தார். பாய் உட்கார்ந்தார். நான் உட்கார்ந்தேன். பிறகு காற்றடித்தால் நெற்பயிர் சாய்வது போலக் கூட்டம் நடுவே வழி விட்டு வரிசை வரிசையாகத் தாழ்ந்தது. மொட்டைமாடிகளில் தெரிந்த தலைகளும் கைப்பிடிச் சுவருக்குக் கீழே போய்விட்டன.

அந்த அமைதியை நான் மலைக்காட்டில்கூடக் கேட்டதில்லை. தூரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் போகும் சத்தம், எங்கோ குக்கர் விசில். அவ்வளவுதான். குழந்தை ஒன்று சிணுங்கியது, தாய் மார்போடு அணைத்துக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெயில் இறங்கி, பாதி கட்டிய தூண்களின் மேல் மஞ்சளாக விழுந்தது. எனக்குக் கால் மரத்துப்போனது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கீழே தண்ணீர் சலசலத்தது. முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு காதுகள், பிறகு முழு மானும். மணல் போட்ட சரிவில் ஒவ்வொரு காலாக ஊன்றி ஏறி வந்து, உச்சியில் நின்றது. உடம்பெல்லாம் செம்மண். ஒருமுறை உதறியது. தெறித்த சேறு முன்வரிசையில் இருந்தவர்களின் முகத்தில் விழுந்தது, ரேஞ்சர் முகத்திலும். யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. சேறு போன இடத்தில் புள்ளிகள் பளிச்சென்று எழுந்தன.

அது ஓடவில்லை. நடந்தது. எங்கள் நடுவே, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவது போல நடந்தது. அதன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டேன். ஈரத்தோலின் வாடை வந்தது. என் கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் பாயின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. தெருவைக் கடந்து காலி மனையில் கால் வைத்ததும் மான் ஒரே தாவலில் புதரைத் தாண்டி, திறந்திருந்த கேட் வழியே காட்டுக்குள் போய் மறைந்தது.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கூட்டம் உட்கார்ந்தே இருந்தது. எழுந்தவர்கள் மெதுவான குரலிலேயே பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் கேட்டேன். “இத்தனை பேரும் உக்காருவாங்கன்னு எப்படி மேடம் தெரியும்?”

“எங்க தெரியும்?” என்றார். “யாரும் அசையலன்னதும் கால் ரெண்டும் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. நின்னா விழுந்துடுவேன்னு தோணிச்சு. அதான் உக்காந்துட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். டிரைவரும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த நடுக்கத்தோடு ஒரு ஊரையே அடக்கி உட்கார வைத்தாரே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போடாததற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். என்ன எழுதிக் கொடுத்தார் என்று தெரியாது, விஷயம் அதோடு அடங்கிவிட்டது. அடுத்த கோடையில் அந்த மஞ்சள் சட்டைப் பையன்கள் தாங்களாகவே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டி கட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். பாய் சிமென்ட் அனுப்பினார். வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகி ரேஞ்சர் போன அன்று தாம்பரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர்களில் எங்கள் இலாகா ஆட்களைவிட ஊரப்பாக்கத்துக்காரர்கள்தான் அதிகம். பிளாட்பாரத்தில் அவர் எல்லோருக்கும் ஏதோ சொன்னார். ரயில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. முன்னால் நின்றவர் திரும்பிச் சொன்னார்: “தொட்டியில தண்ணி பாத்துக்கச் சொல்றாங்க.”