வெட்டுக்கிளி வறுத்த நன்யோங்கா

நவம்பர் மழை விட்டதும் மசாக்கா நகரில் எல்லார் வாயும் அசைபோட்டுக்கொண்டே இருக்கும். வெட்டுக்கிளிகளின் இறக்கையையும் காலையும் கிள்ளி, வெங்காயம் போட்டு மொறுமொறுவென்று வறுத்து, பஸ் நிலையத்திலிருந்து பள்ளி வாசல்வரை விற்பார்கள். பதினாறு வயது நன்யோங்காவுக்கு மட்டும் அது கிடையாது. அவள் பிறந்ததே வெட்டுக்கிளிக் குலத்தில். எந்த உயிரின் பெயரில் குலம் இருக்கிறதோ, அதை அந்தக் குலத்தார் தின்பதில்லை. பிடிக்கலாம், வறுக்கலாம், விற்கலாம். வாயில் போடக் கூடாது என்பது அவள் அப்பாவின் கண்டிப்பு.

அப்படி என்னதான் ருசி என்ற கேள்வி அவளை நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. தோழி பாபிரியேயைக் கேட்டால் ஒரு நாள் கோழித்தோல் மாதிரி என்பாள், மறுநாள் வேர்க்கடலை மாதிரி என்பாள். செல்போனில் தேடிப் பார்த்தாள். புரதம் எவ்வளவு என்றுதான் வந்தது.

அந்த வருஷம் பள்ளி விற்பனைக் கண்காட்சியில் இருவரும் வெட்டுக்கிளிக் கடை போட்டார்கள். பாபிரியே வறுத்தால் கருகும், இல்லையென்றால் எண்ணெய் கக்கும். கடைசியில் நன்யோங்காதான் கரண்டியைப் பிடித்தாள். சடசடப்பு அடங்கி வாசனை மாறுகிற நொடியில் சட்டியை இறக்கிவிடுவாள். உப்பு பார்க்க மட்டும் பாபிரியேயின் நாக்கு. பத்து மணிக்குள் பாதிச் சட்டி காலி.

சிறந்த கடைக்குப் பரிசு முடிவு செய்ய மாவட்ட வேளாண்மை அதிகாரி முகலூலா வந்தார். தலை முழுக்க நரை. பெரியவர்களைக் கண்டால் பெண்கள் செய்வதுபோல, நன்யோங்கா சீருடையோடு மண்ணில் மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். நீட்டிய தட்டை அவர் வாங்கவில்லை.

"சமைச்சவங்க முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க, பாப்போம்" என்றார்.

பாபிரியே சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இவ சாப்பிட மாட்டா சார். இவளே ஒரு வெட்டுக்கிளி" என்றாள்.

அவர் முகம் மாறியது. தட்டை வாங்காமல் நழுவப் பார்த்ததற்குக் காரணம் இப்போதுதான் வெளியே வந்தது. அவரும் அதே குலம். உடனே அவள் அப்பா பெயர், தாத்தா பெயர், அவர்கள் கிளை எது என்று ஒவ்வொன்றாக விசாரித்து, விரல் மடக்கி முறை பார்த்தார்.

"எந்திரிங்க அத்தை" என்றார். "எங்க அப்பாவுக்குத் தங்கச்சி முறை நீங்க. எனக்கு மண்டி போடக் கூடாது."

நன்யோங்கா எழுவதா, அப்படியே இருப்பதா என்று தெரியாமல் விழித்தாள். பாபிரியேதான் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ருசி பார்க்கத் தலைமையாசிரியையை அழைத்தார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு அன்னாசிச் சாறு விற்ற பையன்களுக்குப் போனது.

அத்தை என்றால் எதையும் கேட்கும் உரிமை உண்டு. அவர் கிளம்பும்போது அவள் அவரை ஓரமாக நிறுத்தி, எப்போதாவது வெட்டுக்கிளி சாப்பிட்டதுண்டா என்று கேட்டேவிட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். விடுதியில் படித்தபோது, பசி தாங்காமல், ஒரே ஒரு தடவை என்று ஒப்புக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"பயத்துல அப்படியே முழுங்கிட்டேன் அத்தை. ருசியே தெரியல."

அந்த விஷயத்தை அவள் வீட்டில் சொல்லவில்லை. புது உறவைப் பற்றி மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முகலூலா ஒரு குலை வாழைக்காயோடு வந்தார். கூடவே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன். அவளைவிட மூன்று வயது மூத்தவன், முறை தவறாமல் "பாட்டி" என்று அழைத்தான். அவள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, என்ன படிக்கிறாய் என்று விசாரித்தாள்.